மேலாளர் கோபமாக இருக்கிறாரா, குடித்திருந்தாரா?

கேள்வி: எங்கள் லண்டன் மேலாளர் திங்கட்கிழமை மீட்டிங்கில் "ஐ வாஸ் பிஸ்ட் ஆன் ஃப்ரைடே" என்றார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் அனுப்பியது நான்தான். என் மேல் கோபமோ?

பதில்: பதற வேண்டாம். வெள்ளிக்கிழமை நன்றாகக் குடித்திருக்கிறார், அவ்வளவுதான். பிரிட்டனில் 'பிஸ்ட்' என்றால் போதை. கோபம் என்றால் கூடவே 'ஆஃப்' ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலோ 'ஆஃப்' இல்லாமலேயே கோபம்தான். இரண்டு நாட்டிலும் கொச்சைச் சொல். அவர் வாயால் சொல்லலாம், நீங்கள் மெயிலில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஹாமர்ட், ஸ்மாஷ்ட், பிளாஸ்டர்ட், வேஸ்டட்... ஒரு போதைக்கு ஏன் இத்தனை சொல்?

பதில்: இது பழைய வியாதி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1737-லேயே தன் 'பென்சில்வேனியா கெஜட்' பத்திரிகையில் குடிபோதைக்கான சொற்களை அகர வரிசையில் அடுக்கினார், இருநூறுக்கும் மேல். ஜெர்மனியின் மொழியியலாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில் 'எட்' என்று முடிகிறவை மட்டுமே 546.

சுத்தியலால் அடிபட்டவன், நொறுங்கியவன், சுவர்போலப் பூசப்பட்டவன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் இருந்தாலும், பெரும்பாலானவை நம் 'மட்டையாயிட்டான்' வகைதான். 'டிப்ஸி' மட்டும் வேறு. அது லேசான கிறுகிறுப்பு. வேலையைச் செய்வது சொல்லைவிட வாக்கியத்தின் அச்சு. "ஐ வாஸ் டோட்டலி..." என்று தொடங்கி, எந்தப் பெயர்ச்சொல்லோடும் 'எட்' சேர்த்துப் பாருங்கள். பிரிட்டன் நகைச்சுவையாளர் மைக்கேல் மெக்கின்டயர் 'கசீபோட்' என்பார். கசீபோ என்பது தோட்டத்து மண்டபம். நான் 'டீபாட்டட்' என்று இப்போதுதான் கட்டினேன். எந்த அகராதியிலும் இருக்காது, ஆனால் சனிக்கிழமை இரவைப் பற்றிய பேச்சில் ஓர் ஆங்கிலேயருக்குச் சட்டென்று புரியும்.

கேள்வி: 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பதில் ஷீட் கப்பல் பாய்தானே?

பதில்: இல்லை, கயிறு. பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத்தான் மாலுமிகள் ஷீட் என்பார்கள். அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். மூன்றும் அவிழ்ந்தால் எப்படியென்று டாஸ்மாக் வாசலில் பார்த்திருப்பீர்கள்.

'கிராகி'யும் கடலிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் வெர்னன் கிராக்ரம் என்ற முரட்டுத் துணியில் மேலங்கி போடுவார். அதனால் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'ஓல்ட் கிராக்'. 1740-இல் அவர் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார். அந்தக் கலவை 'கிராக்' ஆனது, குடித்தவன் 'கிராகி' ஆனான். இன்று அந்தச் சொல்லில் போதை தெளிந்துவிட்டது: சளி மாத்திரை போட்டு எழுந்தபின் வரும் மந்தத்துக்குத் தாராளமாகச் சொல்லலாம். (பிரிட்டிஷ் கடற்படையில் தினசரி ரம் 1970 ஜூலை 31 வரை ஓடியது என்பது தனிக்கதை.)

கேள்வி: 'ஐ ஹேவ் டிரங்க் வாட்டர்' சரியா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: சரிதான். 'ஹேவ்' வந்தால் டிரங்க், வராவிட்டால் டிராங்க். 'ஐ ஆம் டிரங்க்' என்றால்தான் வம்பு.

கேள்வி: ஓர் அரசியல்வாதி 'டயர்ட் அண்ட் இமோஷனல்' ஆக இருந்தார் என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். அழுதாரா?

பதில்: குடித்திருந்தார் என்று அர்த்தம். அப்படியே அச்சிட்டால் மானநஷ்ட வழக்கு வரும். 1960-களில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பிரவுனைக் கிண்டலடிக்க 'பிரைவேட் ஐ' இதழ் இந்தத் தொடரைப் பிரபலமாக்கியது.

கேள்வி: நம் 'ஃபுல் டைட்' ஆங்கிலம்தானா?

பதில்: பாதிப் பாதி. ஆஸ்திரேலியாவில் 'ஃபுல் ஆஸ் எ கூக்' உண்டு. கூக் என்றால் முட்டை. மற்ற இடங்களில் 'ஐ ஆம் ஃபுல்' என்றால் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்றே புரிந்துகொள்வார்கள். 'டைட்' பழைய ஆங்கில நாவல்களில் போதைதான். ஆனால் இன்றைய பிரிட்டனில் 'ஹி இஸ் டைட்' என்றால் கஞ்சன் என்ற பொருள்தான் முதலில் வரும். குடித்துவிட்டு பில்லை அடுத்தவர் தலையில் கட்டுகிற நண்பர் இருந்தால் அவருக்கு இரண்டும் பொருந்தும்.