சிப் வைத்த இந்திய பாஸ்போர்ட்டும் ஹீத்ரூ இ-கேட்டும்

தம்பி, புது பாஸ்போர்ட்டின் அட்டையில் தங்க நிறத்தில் சிப் அடையாளம் இருக்கிறது, மாணவர் விசாவும் வந்துவிட்டது, லண்டன் மாமாவோடு சேர்ந்து ஹீத்ரூ விமான நிலையத்தில், பாஸ்போர்ட்டைத் தானாகச் சரிபார்த்துத் திறக்கும் இ-கேட்டிலேயே போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாமா கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் அவர் போகலாம், நீங்கள் போக முடியாது.

சிப் இருந்தால் மட்டும் போதாது, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் கணக்கு. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து, அப்புறம் 2019 மே மாதம் சேர்த்த அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், சிங்கப்பூர், தென்கொரியா, இவைதான் இ-கேட் பட்டியல். இந்தியா அதில் இல்லை, இலங்கையும் மலேசியாவும் இல்லை. பிரிட்டனிலேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கி வீடு வாசலோடு இருப்பவர்கூட, கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை பொதுவாக அதிகாரி வரிசையில்தான் நிற்கிறார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் தானாகத் திறக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அங்கே 2024இல் எல்லா வெளிநாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள், அது அந்த ஊர் ஏற்பாடு.

மாமாவுக்கும் சொல்லிவையுங்கள்: தொப்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படம் உள்ள பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்தி வைத்து, தரையில் உள்ள பாதக் குறியில் நின்று நேரே பார்க்க வேண்டும், பாதியில் பாஸ்போர்ட்டை உருவக் கூடாது. கதவு திறக்காவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, அதிகாரியிடம் அனுப்புவார்கள், அவ்வளவுதான். இ-கேட்டுக்கான குறைந்தபட்ச வயது ஆகாத பிள்ளை கூட வந்தால் அந்தப் பிள்ளைக்கும் இ-கேட் கிடையாது. 2024 மே மாதம் ஒருநாள் நாடு முழுக்க இந்த வாசல்கள் படுத்துவிட்டன, பிரிட்டிஷ்காரர்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். காலையில் நாலைந்து பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கினால் வரிசை நீளும், அதனால் கழிப்பறை வேலையை முடித்துவிட்டுப் போய் நில்லுங்கள். என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, எங்கே தங்கப்போகிறாய், யார் பணம் கட்டுகிறார்கள் என்று நாலு கேள்வி கேட்கலாம். படிக்க இடம் கொடுத்ததை உறுதிசெய்து கல்லூரி அனுப்பிய காஸ் (CAS) கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், தங்கும் முகவரி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வைத்தால் தொலைந்தீர்கள், பெட்டி கைக்கு வருவதே இமிகிரேஷன் தாண்டின பிறகுதான்.

இ-கேட்டைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது இ-விசாவைப் பற்றித்தான். தங்கும் அனுமதிக்குக் கொடுத்த பழைய பிளாஸ்டிக் அட்டை எல்லாம் போய்விட்டது, உங்கள் அனுமதி இருப்பது இணையக் கணக்கில். நீங்கள் பயணத்துக்குக் கொண்டுபோகும் பாஸ்போர்ட்டின் எண்தான் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்பே உள்ளே போய்ப் பாருங்கள். பழைய எண் இருந்தால் சென்னை செக்-இன் கவுன்ட்டரிலேயே மாட்டிக்கொள்ளலாம், ஹீத்ரூ வரிசையில் நிற்கிற வாய்ப்பே வராமல் போகலாம்.