பாலைவனத்தில் டிரெய்லர்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் அரசு நிலத்தில் 14 நாள் தங்கப்போகிறோம். 16 அடி டிரெய்லர், இரண்டு பேர். தண்ணீர் டேங்க் 20 கேலன்தான். போதுமா? (டாலஸ் வாசகி)

ப: ஒருமுறை நிரப்பினால் ஆறு நாள் தாங்கும், அதற்கு மேல் இழுக்காது. 20 கேலன் என்றால் சுமார் 75 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் தனிக் கேன்களில் எடுத்துப்போங்கள். டேங்க் கசிந்தாலும் குடிநீர் தப்பும். மீதி வேலைகளுக்கு டேங்கிலிருந்து நாளைக்கு 12 லிட்டர்: பாத்திரத்துக்கு 4, கழிவறைக்கு 4, குளியலுக்கு 4. கையால் அழுத்தும் ஸ்ப்ரேயரில் 4 லிட்டர் இருந்தால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சமையலில் தண்ணீரைக் காலிசெய்வது எண்ணெய்ப் பிசுக்குதான். தாளித்த வாணலியைப் பேப்பரால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அரிசி களைந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, கடைசியில் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள். பிசுக்கோடு சிங்க்கில் ஊற்றினால் மூன்றாம் நாளே கழிவுத் தொட்டி நாறும்.

கழிவறையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலத்தொட்டியில் முதலிலேயே 5 லிட்டர் ஊற்றிவையுங்கள். தண்ணீர் குறைந்தால் திடக்கழிவு குழாய்க்கு நேர்கீழே மேடாகக் குவிந்து இறுகிவிடும், வால்வைத் திறந்தாலும் இறங்காது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி வாளியில் வைத்து அங்கே ஊற்றுங்கள், சிங்க் தொட்டி நாறுவதும் மலத்தொட்டியில் கழிவு குவிவதும் குறையும். அந்த வால்வைத் தொட்டி நிறையும்வரை மூடியே வையுங்கள்.

கழிவுநீரைத் தரையில் விடுவது குற்றம். ஊருக்குள் காசு கொடுத்துக் கொட்டவும் தண்ணீர் நிரப்பவும் இடங்கள் உண்டு, ஆறு நாளுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். சாதாரண அரசு நிலத்தில் 28 நாளுக்குள் 14 நாள்தான் தங்க அனுமதி. இன்னும் நீட்டிக்க நினைத்தால், அனுமதிச் சீட்டு வாங்கி லா போசாவில் தங்கலாம். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் முகாம் நடக்கும்.

கே: 200 வாட் சோலார் பேனல், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி. பகலெல்லாம் நல்ல வெயில். ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு ஹீட்டரில் வெறும் காற்றுதான் வருகிறது, சூடு இல்லை. கேஸ் தீரவில்லை. (சான் டியாகோ வாசகர்)

ப: கோளாறு பேட்டரியில். கேஸ் ஹீட்டரின் மின்விசிறிக்கு 3 முதல் 7 ஆம்பியர் வேண்டும். 5 என்று வைத்து, ராத்திரியில் மொத்தம் 8 மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர்-அவர் போய்விடும். லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது முழுதாக நிறைந்திருந்தாலும் உங்கள் கையில் இருப்பதே 50தான். ஹீட்டருக்குள் காற்றின் வேகத்தால் அசையும் சின்னத் தகட்டு ஸ்விட்ச் ஒன்று உண்டு. வோல்ட் இறங்கி விசிறி மந்தமானால் அந்தத் தகடு சாயாது. சாயாவிட்டால் தீ பற்றாது. விசிறி மட்டும் சுற்றி, மிச்ச மின்சாரத்தையும் தின்னும்.

பகலில் ஏன் நிறையவில்லை? டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுத்துக்கிடக்கும் பேனலுக்கு உச்சிவேளையிலும் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். தெற்கே பார்த்து 55 டிகிரி சாய்த்து வையுங்கள், காசு செலவில்லாத வைத்தியம் இதுதான். தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கி, கனமான ஸ்லீப்பிங் பேகில் படுங்கள். காலையில் எதுவும் ஓடாதபோது வோல்ட் 12.1க்குக் கீழே இருந்தால் முந்தைய இரவு அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

லித்தியம் வாங்கலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வெளியே டிரெய்லரின் நுனியில் வைக்காமல் உள்ளே வையுங்கள். குளிர் தாங்கவில்லை என்று சமையல் அடுப்பை மூட்டி வைத்துத் தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கே: கோஃபா வனவிலங்குப் புகலிடத்தில் பாம் கேன்யனுக்கு நடக்க ஆசை. சோயா (cholla) என்னும் கள்ளி பாய்ந்து குத்துமாமே? (ஃபீனிக்ஸ் வாசகி)

ப: பாயாது. லேசாக உரசினாலே அதன் தண்டுத் துண்டான கணு கழன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் வந்த பேச்சு. கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவே செருகி, ஆளில்லாத பக்கமாகச் சுண்டிவிடுங்கள். முள்ளின் நுனியில் பின்நோக்கிய கொக்கிகள் இருப்பதால் உள்ளே தங்கியவற்றைக் குறடால் நேராக இழுக்க வேண்டும். பாதை அரை மைல்தான், ஆனால் கல்லும் சரிவும். குறுகிய இடுக்கில் நிற்கும் அந்தப் பனைகள் மேல் நண்பகலை ஒட்டித்தான் வெயில் விழும், அந்த நேரம் பார்த்துப் போங்கள். குளிர்காலமானாலும் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கூடவே உப்புக்கடலை. பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள்.

கே: காய்ந்த ஓடைப் படுகை சமமாக, மணலாக இருக்கிறது. அங்கே நிறுத்தலாமா?

ப: கூடாது. தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் மலையில் பெய்த மழை அதன் வழியாகத்தான் இறங்கும். அரிசோனாவில் வெள்ளத்துக்குப் போட்ட தடுப்பைத் தாண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது.

கே: இழுவை வண்டியின் ஒயரை எலி கடித்துவிட்டது. விஷம் வைக்கலாமா?

ப: வேண்டாம், செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். இரவில் பானெட்டைத் திறந்துவிட்டு உள்ளே ஒரு சிறு விளக்கு போடுங்கள். இருட்டும் கதகதப்பும்தான் அதை அங்கே இழுக்கின்றன. டிரெய்லர் அடியில் குழாய் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடையுங்கள், ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துவிடும்.