எஞ்சின் மாற்றிய ஜீப்பில் சூடே ஏறவில்லை, என்ன கோளாறு?

வேறு டீசல் எஞ்சின் ஏற்றிய பிறகு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலை ஏறியும் சூட்டு முள் 60-ஐத் தாண்டவில்லை என்கிறீர்கள். முதலில் முள்ளை நம்பாதீர்கள். பழைய மீட்டருக்கும் புது எஞ்சினின் சென்சாருக்கும் ஒத்துப்போகாவிட்டால் அது பொய் சொல்லும். லேசர் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு) மூடியில் காட்டிப் பாருங்கள். 80-ஐ ஒட்டி இருந்தால் எஞ்சின் சரி.

அங்கும் குறைவா? காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூடேறும் வரை அது குளிர்ந்தே இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. ‘மலை வண்டிக்கு எதற்கு’ என்று கழற்றி எறிகிற மெக்கானிக்குகள் நம் பக்கம் உண்டே! அப்படியே ஓட்டினால் டீசலும் கூடக் குடிக்கும், சிலிண்டரும் தேயும்.