ஐம்பதுக்கு டேனிஷில் ஏன் 'ஹல்ட்ரெஸ்'? கேள்வி பதில்

கேள்வி: டேனிஷில் 50ஐ 'ஹல்ட்ரெஸ்' என்கிறார்கள். 'ஹல்' பாதி, 'ட்ரெ' மூன்று. மூன்றில் பாதி எப்படி ஐம்பதாகும்?

பதில்: நீங்கள் கேட்டது வெட்டிச் சுருக்கிய சொல், அதனால்தான் கணக்கு இடிக்கிறது. முழுச் சொல் 'ஹல்ட்ரெஸின்ஸ்ட்யூவ'. கடைசியில் வரும் 'ட்யூவ' இருபது, நடுவில் இருப்பது 'தடவை' என்ற பொருளுள்ள பழைய சொல், முதலில் உள்ளது 'மூன்றாவதில் பாதி', அதாவது இரண்டு முழுசாக முடிந்து மூன்றாவதில் பாதி வந்தாச்சு. ஆக, இரண்டரை தடவை இருபது. இப்போது சரியாக வருகிறதா?

கேள்வி: இரண்டரை என்று சொல்ல இன்றும் இப்படித்தான் பேசுவார்களா?

பதில்: இல்லை, அது வழக்கொழிந்துவிட்டது. ஒன்றரைக்கு மட்டும் 'ஹலானன்' தினசரிப் பேச்சில் இருக்கிறது, 'இரண்டாவதில் பாதி' என்று பொருள். அப்புறம் கடிகாரம். 'ஹல் ட்ரெ' மணிக்கு வா என்றால் இரண்டரைக்கு வரவேண்டும், மூன்றரைக்குப் போனால் கூப்பிட்டவர் ஒரு மணி நேரமாகக் காத்திருப்பார்.

கேள்வி: மற்ற பத்துகள்?

பதில்: 60 'ட்ரெஸ்', மூன்று இருபது. 80 'ஃபியர்ஸ்', நான்கு இருபது. 70 மூன்றரை இருபது, 90 நாலரை இருபது. 30, 40 இரண்டும் பத்தை வைத்தே வந்தவை.

கேள்வி: அந்த நீளச் சொல் செத்தே போய்விட்டதா?

பதில்: சாகவில்லை, அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். ஐம்பது என்று எண்ணும்போது சுருக்கம்தான், ஆனால் 'ஐம்பதாவது' என்று சொல்ல வேண்டுமென்றால் முழு நீளமும் திரும்பி வந்துவிடும், 'ஹல்ட்ரெஸின்ஸ்ட்யூவன' என்று.

கேள்வி: பக்கத்து நாட்டுக்காரர்களும் இப்படியா?

பதில்: ஸ்வீடனிலும் நார்வேயிலும் நம் ஐம்பது மாதிரி ஐந்து பத்துதான். டென்மார்க்கின் பழைய 50 குரோனர் நோட்டிலேயே 'ஃபெம்டி' என்று அந்த எளிய வடிவத்தை அச்சடித்திருந்தார்கள், ஆனால் பேச்சில் அது வேர் பிடிக்கவில்லை.

கேள்வி: போனில் நம்பர் சொன்னால் எழுத முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: அங்கே எட்டு இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள், அதிலும் ஒன்றாம் இடம்தான் முதலில் வரும். 57 என்றால் 'ஏழும் ஐம்பதும்'. ஏழு காதில் விழுந்ததும் இடப்பக்கம் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு 7 எழுதுங்கள், ஐம்பது வந்ததும் அந்த இடத்தில் 5 போடுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.