62 முறை விழுந்தவரிடம் என்ன கணக்குக் கேட்கிறீர்கள்?

கேள்வி: பல வருடங்களாக சார்லட்டில் இருக்கிறேன், இங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணி கரோலினா பேந்தர்ஸின் ரசிகன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கிடம் இன்னும் பொறுமை காட்ட வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் ட்ராஃப்டில், 2023இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். மூன்று சீசன் ஆன பிறகும் அணி 8 வெற்றி, 9 தோல்வியில்தான் நிற்கிறது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவரிடம் எதற்குப் பொறுமை? தூக்கிவிட்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதானே?
- ஒரு வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: மூன்று சீசன் என்று சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். அந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதல் சீசனுக்கு யங்கிடம் கணக்குக் கேட்பதற்கு முன் அணி நிர்வாகத்திடம் கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காத வாசகர்களுக்காக ஒரு விஷயம். பந்து கைக்கு வந்த பிறகு எறிவதற்குக் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை, மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணி எப்படி நிற்கிறது என்று படிக்க வேண்டும், பந்தைப் பிடிக்க வேண்டிய முதல் ஆள் அடைபட்டிருந்தால் இரண்டாவது ஆளைத் தேட வேண்டும், ஓடிக்கொண்டிருப்பவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதித்துத் தருவது முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள். அவர்களில் ஒருவர் சரிந்தாலும் நூற்றுமுப்பது கிலோ ஆள் ஒருவர் நெஞ்சில் வந்து விழுவார்.

2023இல் யங் அப்படி 62 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். அந்த ஐவரில் நடு ஆளுக்கு இரு பக்கமும் நிற்க வேண்டிய கார்டுகள் காயத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள், ஆள் மாறிக்கொண்டே இருந்தது. அவரை எடுப்பதற்காக சிகாகோ அணிக்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். ட்ராஃப்டில் முதல் சுற்று வாய்ப்பு இரண்டு, இரண்டாம் சுற்று வாய்ப்பு இரண்டு, போதாததற்கு டி.ஜே. மூர். அணியில் இருந்த நல்ல ரிசீவர் அவர்தான்! பந்தைப் பிடிப்பவரைக் கொடுத்துவிட்டு எறிபவரை வாங்கினார்கள். 11 ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பர் 31 அன்று ஜாக்சன்வில்லில் அணி உரிமையாளர் டேவிட் டெப்பர் ரசிகர்கள் மேல் கையிலிருந்த பானத்தை வீசினார், 3 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். சீசன் 2 வெற்றி, 15 தோல்வியில் முடிந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் தொழில் கற்றுக்கொள்ள வந்த இடம் இப்படி இருந்தது.

அதே ட்ராஃப்டில் இரண்டாவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டனில் முதல் வருடமே கலக்கினாரே என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த வருடம் ஸ்ட்ரவுட் யங்கைவிட நன்றாகவே ஆடினார். நிலைமை மோசம் என்பதற்காக யங்கின் தவறுகள் தவறில்லை என்று ஆகிவிடாது. 2024 சீசனில் அவர் எறிந்த முதல் பந்தே எதிரணி கைக்குப் போனது. அந்த ஆட்டம் 47-10, அடுத்தது 26-3. இரண்டிலும் தோற்றதும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இங்கேதான் உங்களோடும் உங்கள் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெஞ்சில் உட்கார வைத்ததே கைகழுவிவிட்டதற்கு அடையாளம் என்று இரண்டு தரப்பும் நினைக்கிறீர்கள். நான் அதைப் பொறுமையின் பக்கம்தான் வைப்பேன். பின்னாளில் பெரிய குவார்ட்டர்பேக்கான ஆரன் ராட்ஜர்ஸ் கிரீன் பேயில் மூன்று வருடம் பிரெட் ஃபார்வ் பின்னால் காத்திருந்தார். அவரைப் போலவே பெயர் வாங்கிய பாட்ரிக் மஹோம்ஸ் 2017இல் அலெக்ஸ் ஸ்மித் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கிட்டத்தட்ட முழு சீசனையும் கழித்தார். யங்குக்கு அந்த அவகாசத்தை முதல் வருடமே கொடுத்திருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து, அதுவும் ஐந்தே ஆட்டத்துக்குக் கிடைத்தது. அவருக்குப் பதில் ஆடிய அனுபவசாலி ஆண்டி டால்டனுக்கு ஒரு கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்டதால்தான் யங் திரும்பி வந்தார். ஆனால் வந்தபோது முன்னால் நின்ற அந்த ஐந்து பேர் சுவர் வேறு. அந்த வருடம்தான் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று இரண்டு கார்டுகளைப் பெரிய பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். சீசனின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தார்கள். பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பதுதான் டச் டவுன்; மூன்றை எறிந்து, இரண்டை ஓடியே எடுத்தார் யங். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த 8-9 இருக்கிறதே, அது அடுத்த சீசன், 2025; அதில்தான் பிரிவில் முதலிடமும், 2017க்குப் பிறகு முதல்முறையாக ப்ளே ஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றும் கிடைத்தன.

பொறுமை என்ற பெயரில் நடக்கும் அலட்சியத்தை நானும் ஏற்கமாட்டேன். ஹூஸ்டன் 2002இல் முதல் ஆளாக எடுத்த டேவிட் கார், அந்த ஒரே சீசனில் 76 முறை வீழ்த்தப்பட்டார். ஐந்து வருடம் அவரையே ஆட வைத்தார்கள், ஆனால் சுவரைக் கட்டவில்லை. 2005இல் மறுபடியும் 68. அப்புறம் அவர் தேறவே இல்லை. 2007இல் ரெய்டர்ஸ் எடுத்த ஜமார்கஸ் ரஸலுக்கும் மூன்று சீசன் கொடுத்தார்கள், பலனில்லை, 2010இல் விடுவித்தார்கள். அது சரியான முடிவு.

சம்பளம் பற்றிக் கேட்டீர்கள். நான்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3.8 கோடி டாலர், ட்ராஃப்டில் எடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்து அமைந்த தொகை. முழுவதும் உறுதி செய்யப்பட்ட பணம், தூக்கினாலும் திரும்பி வராது.

சாம் டார்னால்டை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸுக்காக ஆடியபோது நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்றார், அவர் எறிந்த நான்கு பந்துகள் எதிரணி கைக்குப் போயின. பெஞ்சில் உட்கார்ந்து, பேய்கள் தெரிகின்றன என்று அவர் சொன்னது சட்டையிலிருந்த மைக்கில் பதிவாகி நாடு முழுக்க ஒளிபரப்பானது. அடிக்குப் பயந்து, வராத ஆளையும் வருவதாகக் காணும் மனநிலை அது. ஜெட்ஸ் விட்டது, கரோலினாவும் விட்டது. 2024இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார். 2026 பிப்ரவரியில் சியாட்டில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றபோது அவர்தான் குவார்ட்டர்பேக். எதிரில் நின்றது அதே நியூ இங்கிலாந்து. இடையில் ஆறு வருடத்துக்கு மேல் போயிருந்தது.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது முதல் கால்பகுதி மட்டும் பந்தைப் பார்க்காதீர்கள், யங்கின் ஹெல்மெட்டைப் பாருங்கள். சுவர் நிற்கும்போது தலை இடமிருந்து வலமாக நகர்ந்து இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடுகிறதா, இல்லை கீழே குனிந்து ஓடி வருபவர்களையே பார்க்கிறதா? சுவர் நின்றும் தலை குனிந்தே இருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.