மாமாவின் கிட்டார்: வயதைக் கேட்பதற்கு முன் அளவுகோலை வையுங்கள்

கேள்வி: என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து ஒரு யமஹா கிட்டார் வாங்கிவந்தார். தூத்துக்குடி வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்ததை இப்போதுதான் இறக்கினேன். உள்ளே சிவப்பு லேபிள். அதில் எஃப்ஜி-180, நிப்பான் காக்கி என்று இருக்கிறது. கம்பிகள் மிக உயரத்தில் நிற்கின்றன, அழுத்தினால் விரல் வலிக்கிறது. பிரிட்ஜை (உடலின் மேல் கம்பிகள் கட்டியிருக்கும் மரத்துண்டு) இழைத்துத் தாழ்த்தி, பக்கப் பலகையை வெட்டி பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப உதவும் கருவி) பொருத்தித் தருவதாகப் பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா, புதிதாக ஒன்று வாங்குவது மேலா? ஞாயிறு ஆராதனையில் பாடல் குழுவுக்கு வாசிக்க வேண்டும்.

பதில்: இழைப்பதும் வேண்டாம், வெட்டுவதும் வேண்டாம். இரண்டுமே செய்தபின் திரும்பப் பெற முடியாத வேலைகள். கிட்டாருக்கு என்ன நோய் என்று இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. கம்பி உயரமாக இருப்பது அறிகுறிதான். காரணம் மூன்று நான்கு இடங்களில் ஒளிந்திருக்கலாம்.

முதலில் துருப்பிடித்த பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிடுங்கள். சுருதிக்கு முறுக்கிப் பார்க்காதீர்கள். அறுந்து கண்ணில் அடித்துவிடும். புதிய கம்பி கட்டுவதற்கு முன் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். பரண் சூட்டில் ஒட்டு இளகியிருந்தால் வியப்பில்லை. அப்படியானால் வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் ஒழுங்காக ஒட்ட வைக்க வேண்டும். தாள் நுழையவில்லை என்றால் மெல்லிய எஃகுக் கம்பிகள் போட்டு, சுருதி சேர்த்து, இரண்டு வாரம் வீட்டுக்குள் வையுங்கள். கடலோர ஈரத்தில் மேல்பலகை உப்பியிருக்கும். அது ஒரு நிலைக்கு வரட்டும்.

பிறகு நெக்கின், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தின், வளைவைப் பாருங்கள். அதன்மேல் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.25 மில்லிமீட்டர் போல, இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. அதைத் திருத்தத்தான் ட்ரஸ் ராட், நெக்கின் உள்ளே ஓடும் திருகக்கூடிய உலோகத் தண்டு. ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கம்பி உயரமாக இருக்கிறது என்றதும் ட்ரஸ் ராடைத் திருகுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வளைவு சரியாக இருக்கும்போது அதைத் திருகினால் உயரக் கோளாறு தீராது, புதிதாக இரைச்சல்தான் வரும்.

இனித்தான் முக்கியமான சோதனை. 60 சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் ஒன்று வாங்குங்கள். மூன்றாம், நான்காம் கம்பிகளுக்கு இடையே ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து, பிரிட்ஜை நோக்கித் தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டு நின்றாலோ, அதன்மேல் ஏறினாலோ நெக்கின் கோணம் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜின் முன்பக்கத்தில், பாதி உயரத்தில் முட்டினால் கோணம் போய்விட்டது. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. ஐம்பது ஆண்டுகள் இழுத்தால் உடல் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும். அது யாருடைய குற்றமும் இல்லை.

கோணம் நன்றாக இருந்தால் வேலை எளிது. பிரிட்ஜில் நிற்கும் வெள்ளைத் துண்டான சாடிலை மட்டும் அடியில் தேய்த்தால் போதும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. ஆறாம் கம்பி 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பி 2 மில்லிமீட்டர் என்றால் பாடல் குழுவுக்கு நிம்மதியாக வாசிக்கலாம். பழைய சாடிலை எடுத்து வைத்துவிட்டு, எலும்பில் புதிதாக ஒன்று செய்து அதைத் தேயுங்கள். தேய்த்தபின்னும் பிரிட்ஜுக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி சாடிலை அழுத்தாமல் சோம்பிக் கிடக்கும், ஒலியும் அப்படியே.

கோணம் போயிருந்தால் முறையான மருத்துவம் நெக்கைக் கழற்றி, அடிப்பகுதியைச் சீவி, மீண்டும் பொருத்துவது. உங்கள் மாடலில் அது எளிதல்ல. அந்தக் காலத்து யமஹா நெக்குகளின் ஒட்டு நீராவிக்குச் சட்டென்று இளகாது. சில வல்லுநர்கள் நெக்கும் உடலும் சேரும் மூட்டை அறுத்தெடுத்து, போல்ட் வைத்து முடுக்கும் நெக்காகவே மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்து பழகியவர் கிடைத்தால் மட்டும் கொடுங்கள். பிரிட்ஜை இழைப்பது ஏன் கூடாது என்பதும் இங்கேதான் விளங்கும். கோணம் நன்றாக இருந்தால் இழைக்கத் தேவையே இல்லை. கோணம் போயிருந்தால் இழைத்த பிரிட்ஜ் மெலிந்து விரிசல் விடும், கோணமோ போனது போனபடியே இருக்கும்.

வயதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். யமஹாவின் எஃப்ஜி வரிசை 1966இல் 180, 150 என்ற இரண்டு மாடல்களோடு தொடங்கியது. 180 பெரிய உடல், 150 சற்றுச் சிறியது. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று வாசித்தது 150ஐத்தான். சிவப்பு லேபிள் எழுபதுகளின் தொடக்கம் வரை ஒட்டப்பட்டது, மாமா சொன்ன காலத்தோடு பொருந்துகிறது. நிப்பான் காக்கி என்பதைத் தனிச் சிறப்புள்ள ஏதோ பட்டறை என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். ‘ஜப்பான் இசைக்கருவி’ என்று பொருள்படும் அது யமஹா நிறுவனத்தின் பழைய பெயர், அவ்வளவுதான். 1987 வரை அதே பெயரில்தான் இருந்தார்கள். (மோட்டார் சைக்கிள் கம்பெனி கிட்டார் செய்ததா என்று கேட்பவர்களுக்கு: சின்னத்தில் இருப்பவை மூன்று சுருதிக் கவைகள். மோட்டார் பிரிவு 1955இல் தனியாகப் பிரிந்துபோனது.)

துல்லியமான தேதி வேண்டுமா? ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து, பின்பலகையின் உட்புறக் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். 45.8.20 என்பதுபோல மை முத்திரை ஒன்று இருக்கலாம். 45 என்பது ஷோவா ஆண்டு, ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக் கணக்கு. அதோடு 1925ஐக் கூட்டினால் 1970. பலரும் இதை ஏதோ பாக எண் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். விற்பனை விளம்பரங்களில் எஃப்ஜி-180இன் மேல்பலகை ஒற்றைப் பலகை என்று எழுதுவார்கள். அது ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: மேலே தெரியும் ஸ்ப்ரூஸ் மர இழைகள் கனம் முழுவதும் இறங்காமல், நடுவே வேறொரு அடுக்கு தெரியும். அதனால்தான் பரண் வெயிலைத் தாங்கி, வெடிக்காமல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்தக் கிட்டார்களுக்கு உலர்ந்த, தெளிவான ஒரு குரல் உண்டு; குழுவாகப் பாடும்போது அது எடுபடும். ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக அது பொக்கிஷமும் ஆகாது.

பிக்கப் வேண்டுமென்றால் ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்கப் ஒன்று வாங்குங்கள். ஞாயிறு மாட்டி, திங்கள் கழற்றிவிடலாம். நிரந்தரமாகத்தான் வேண்டும் என்றால் பிரிட்ஜுக்கு அடியில் உட்புறம் ஒட்டும் வகையைப் போட்டு, வார் மாட்டும் அடிப்பொத்தானின் துளை வழியாக வயரை எடுக்கச் சொல்லுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும், அது மன்னிக்கக்கூடியது. பாலிஷ் போட்டுப் புதிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் கிட்டாரைக் கையில் கொடுக்காதீர்கள்.

புதியதா என்ற கேள்விக்கு அளவுகோலே விடை சொல்லிவிடும். முனை பிரிட்ஜைத் தாண்டினால் மாமாவின் கிட்டாரே போதும். பாதியில் முட்டி, சாடிலும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அதைச் சுருதி குறைத்து வீட்டில் வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் புதியதே வாங்குங்கள். அதே நிறுவனத்தில் பார்ப்பதானால் எஃப்310ஐ விட எஃப்ஜி800 மேல். முன்னது ஒட்டுப்பலகை, பின்னதன் மேல்பலகை ஒற்றை ஸ்ப்ரூஸ். பெட்டியில் வருவதை அப்படியே வாங்காமல், கடையிலேயே இரண்டு மூன்றை இறக்கச் சொல்லி வாசித்துப் பாருங்கள். அந்த 60 சென்டிமீட்டர் அளவுகோலையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.