தேவதாசி ஒழிப்புச் சட்டம்: 1929-ஆ, 1947-ஆ?

முத்துலட்சுமி ரெட்டி பற்றிய உங்கள் மகளின் கட்டுரையில் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு எந்த ஆண்டைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 1929 என்றே போடுங்கள், ஆனால் ‘ஒழிப்புச் சட்டம்’ என்று எழுத வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் கொண்டுவந்து அந்த ஆண்டு நிறைவேறியது, கோயில் சொத்துகளை முறைப்படுத்தும் அறநிலையச் சட்டத்துக்கான ஒரு திருத்தம். தேவதாசிகள் கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டை அது அறுத்தது. நிலம் பெண்களின் கையிலேயே இருக்கும், ஊழியம் கட்டாயமில்லை. பிழைப்புக்கு வழி விட்டுவிட்டு வழக்கத்தில் கைவைத்தாரே, அந்த முன்யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய தாயார் சந்திரம்மாளே தேவதாசிச் சமூகத்திலிருந்து வந்தவர்.

பொட்டுக் கட்டுவதையே, அதாவது பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதையே குற்றமாக்கிய சட்டம் 1947-இல், ஓமந்தூரார் ஆட்சியில் வந்தது. பல இணையப் பக்கங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

சரிபார்க்க, சட்டத்தின் முழுப்பெயரைப் பாருங்கள். 1929-இன் ஐந்தாம் சட்டம் ‘திருத்தம்’ என்றே சொல்லும். 1947-இன் 31-ஆம் சட்டத்தின் பெயரில் ‘அர்ப்பணிப்புத் தடுப்பு’ என்று இருக்கும்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் வென்று சட்டசபைக்குள் போகவில்லை, நியமன உறுப்பினர். துணைத் தலைவர் பதவிக்குத்தான் அவையினர் தேர்ந்தெடுத்தார்கள். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் விலகிவிட்டார். அடுத்து, குழந்தைத் திருமணத்தைத் தடுத்த சாரதா சட்டமும் 1929-தான். அதை அவர் ஆதரித்தார், ஆனால் அது டெல்லியில் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.